இடப்பக்கம் அமர்ந்து நான் சொன்னது

என் கண்ணியத்துக்கும் நேசத்துக்கும் உரிய மூத்தவரே, நானா,

கலேவெல மையவாடியின் மேற்கு மதிலோரம் உறங்கும் உங்கள்மீது இறைவனின் சாந்தி நிலவட்டும். நீங்கள் போய் ஒரு வருடமும் சில வாரங்களும் கடந்துவிட்டன. பள்ளிவாசல் ஜமாஅத்தார் வெளியிடும் நினைவு மலருக்கு உங்கள்மேல் ஓர் இரங்கற்பா வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். எழுதினேன். தளை தட்டவில்லை, எதுகை பிசகவில்லை; ஆனால் அதற்குள் நீங்கள் இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். ஊரார் பக்கத்தில் நின்று கேட்கட்டும். அவர்களும் கேட்க வேண்டிய செய்திதான் இது.

முதலில் வீட்டு நலம். மதினி சுகமாக இருக்கிறார். இனிப்பைக் குறைக்கச் சொன்னால் மட்டும் எவர் பேச்சையும் கேட்பதில்லை. நீங்கள் நட்ட மிளகுக் கொடி பலா மரத்தில் பாதிவரை ஏறிவிட்டது. பள்ளிவாசலில் புது விரிப்புப் போட்டிருக்கிறார்கள். தொழுகை வரிசையின் இடக்கோடியில், நீங்கள் நிற்கும் இடத்துக்கு, இன்னமும் எவரும் முந்திப்போய் நிற்பதில்லை. உங்கள் காரை இப்போது மகள் ஸுமையாதான் ஓட்டுகிறாள். உங்களைவிட வேகமாக ஓட்டுகிறாள். அதை வாப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்லிவிட்டேன்.

அந்தக் காரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சென்ற மாதம் ஸுமையா அதன் பாட்டுப் பெட்டியை மாற்ற வேண்டும் என்றாள். இடப்பக்கத்து ஸ்பீக்கர்களில் ஓசையே இல்லை. வலக்கதவிலிருந்து வருவதும் கரகரக்கிறது. திருமறை ஓதுதலை அப்படிக் கேட்பது மனத்துக்குப் பொருந்தவில்லை என்றாள். வாப்பாவின் கார் என்பதால் சாச்சா நானும் கூட வர வேண்டும் என்று மாத்தளைக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். வழக்கம்போல் பின்கதவைத் திறந்தேன். உங்களைப் போலவே அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஏன் பின்னிருக்கையில் ஏறத் தொடங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். உங்களுக்குத் தெரியாது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நபிகளார் பிறந்த மாதத்தில் புகழ்ப்பா ஓதிய அந்த மஜ்லிஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்டுதோறும் நீங்கள்தான் முன்னோதுவீர்கள். நீங்கள் ஓரடி ஓத, சபை அடங்கலும் பல்லவியைத் திருப்பிச் சொல்லும். அது ஓய்ந்ததும் நீங்கள் அடுத்த அடியை எடுப்பீர்கள். அன்று உங்களை வலக்கோடியில் அமர்த்தியிருந்தார்கள். சபை முழுவதும் உங்களுக்கு இடப்பக்கம். பல்லவி முடியுமுன்னே அடுத்த அடியைத் தொடங்கிவிட்டீர்கள். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறையும்.

ஏழாண்டு அறபுக் கல்லூரியில் ஓதியவன் நான். நெடில் குறிலானால் பல் கூசுகிறவன். பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. "நானா, கேட்டு ஓதுங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்க. இளசுகள் இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் கிதாபை மூடி, முத்தமிட்டு, என் பக்கமாக நீட்டினீர்கள். "தம்பி ஓதட்டும்" என்றீர்கள். அதன்பின் எந்தச் சபையிலும் உங்கள் குரல் உயரவே இல்லை.

அதுமுதல் தொழுகையில் இடக்கோடிக்குப் போனீர்கள். வரிசையின் வலப்பக்கத்துச் சிறப்பை அறிந்தும் அதைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறார், எவ்வளவு பணிவு என்று எண்ணினேன். எவர் பேசினாலும் முழுதாய்த் திரும்பி அவர் முகத்தையே பார்த்திருந்தீர்கள். எவ்வளவு கனிவு என்று எண்ணினேன். பணிவும் கனிவும் உங்களிடம் இல்லாமல் இல்லை, நானா. ஆனால் நான் கண்டது அவற்றை அல்ல.

மன்னிப்புக் கேட்கும் அந்த ஒரு சொல்லை இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். மாதக் கடைசி வியாழன்தோறும் நீங்கள் மாத்தளைக்கு வந்து என்னைக் கலேவெலவுக்கு அழைத்துப் போவீர்கள். காரின் சாவி திரும்பியதும் சீடியில் ஓதுதல் தொடங்கிவிடும். திருமறை ஓதப்படும்போது வாய்பொத்திக் கேட்பது நமக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கம். அந்த ஒழுக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். பேசாமல் கடந்த ஒவ்வொரு மைல்கட்டையையும் நன்மையின் கணக்கிலே போட்டுக்கொண்டேன்.

ஒரு வியாழன் துணிந்தேன். வஹகோட்டைத் தேவாலயத்தைத் தாண்டியதும் ஓர் அத்தியாயம் முடிந்தது. அடுத்தது தொடங்குமுன் சில நொடி மௌனம் இருக்குமல்லவா, அதற்காகக் காத்திருந்தேன். முன்னிருக்கையில், உங்கள் இடப்பக்கம் அமர்ந்து, சாலையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னேன்: "நானா, அன்டைக்கு மஜ்லிஸ்ல நான் அப்பிடிச் சொன்ன பிழை. என்னப் பொறுத்துக்கோங்க."

நீங்கள் திரும்பவில்லை. அந்நேரம் கூரைமேல் தூறல் விழத் தொடங்கியது. கையை நீட்டி, ஒலியைக் கூட்டினீர்கள்.

அதுவே விடை என்று எடுத்துக்கொண்டேன். பேச்சை நிறுத்து என்று நீங்கள் சொல்லாமற் சொன்னதாக என் நெஞ்சு அதற்கு உரை எழுதியது. செய்யுளுக்குப் பொருள் சொல்லிப் பழகியவனுக்கு ஒரு மனிதனின் கையசைவுக்குப் பொருள் சொல்லவா தெரியாது என்ற இறுமாப்பு. அடுத்த மாதமுதல் முழங்கால் நீட்ட இடம் வேண்டும் என்று பின்னால் ஏறினேன். நீங்கள் ஒன்றும் கேளாமல் இறங்கிவந்து, முன்னிருக்கையை முன்னே தள்ளி, என் காலுக்கு இடம் செய்துகொடுத்தீர்கள்.

பிறகு ஒரு காலைத் தொழுகைக்குப் பின் முன்னறிவிப்பு ஏதுமின்றிப் போய்விட்டீர்கள். இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் பொறுப்பான். அடியானுக்குச் செய்ததை அந்த அடியானே பொறுக்க வேண்டும் என்று எத்தனை மேடைகளில் நான் முழங்கியிருக்கிறேன்! இந்த ஒரு வருடமாக ஒவ்வொரு தொழுகையின் முடிவிலும் கையேந்தும்போது, அந்த இடத்துக்கு வந்ததும் என் நா நின்றுவிடும். என் நானா பொறுக்கவில்லையே. இனி எவரிடம் போய்க் கேட்பேன்?

இந்தச் சுமையோடுதான் தம்புள்ளைக்குப் போனேன். மரக்கறி மொத்தச் சந்தைக்கு அப்பால், டயர்க் கடைக்கு அடுத்த பாட்டுப் பெட்டிக் கடை. பூசணி ஏற்றிய லொறிகள் போகப் போக வெங்காயச் சருகு பறந்துவந்து காலடியில் சேர்ந்தது. வேலை செய்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஸுமையா இடப்பக்கம் ஓசை வருவதில்லை என்றதும், அவர் எந்தக் கம்பியையும் கழற்றவில்லை. முன்னே குனிந்து ஏதோ பொத்தானைச் சில தரம் அமுக்கினார். இடக்கதவு ஓதியது. தெளிவாக, இளமையாக ஓதியது.

"செட்டுல பிழை ஒண்ணுமில்லீங்க. பேலன்ஸ முழுக்க வலது பக்கம் தள்ளி வச்சிருக்காங்க" என்றார். பிறகு இரு கதவுகளின் உட்பலகையையும் கழற்றி எனக்குக் காட்டினார். வலப்பக்கத்து ஸ்பீக்கரின் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்து நைந்திருந்தது. இடப்பக்கத்தது கடையிலிருந்து அன்றுதான் எடுத்ததைப் போல் இருந்தது. இத்தனை வருடத்துச் சுமையையும் ஒன்றே சுமந்திருக்கிறது.

"ஓட்டுனவருக்கு இடது காது கேக்காதுங்களா, ஐயா?" என்று கேட்டார். நான் விழித்தேன். தமக்குத் தெரிந்த லொறிக்காரர் ஒருவரும் இப்படித்தான் வைத்திருப்பார் என்றார். "அவருக்குச் சத்தமாப் போட்டாத்தான் கேக்கும். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்குக் காதடைச்சுப் போகும்ல? அதான் எல்லாத்தயும் தன் பக்கமே எடுத்துக்குவாரு."

ஸுமையா சாதாரணமாகச் சொன்னாள்: "ஓ, வாப்பாக்கு அந்தக் காது கேக்காதே. இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "சாச்சா, ஒங்களுக்குத் தெரியாமலா ஈந்த?"

எப்போதிருந்து என்று கேட்டேன். அந்தப் பெரிய காய்ச்சலோடு போனது என்றாள். மதினி இடப்பக்கத்து இருக்கையிலிருந்து ஏச ஏச, நீங்கள் சிரித்துக்கொண்டே காரோட்டுவதைச் சொல்லிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருந்தது. அது கண்டது மஜ்லிஸுக்கு இரண்டு மாதம் முன்பு.

"வெளி ஆக்கள்ட்ட சொல்ல வேணாம் எண்டு சொல்லி ஈந்தாரு. நீங்க வெளி ஆளா, சாச்சா? ஒங்களுக்குத் தெரியும் எண்டுதான் நாங்க எல்லாரும் நெனச்ச."

ஆக, நானா, செவி ஒன்று அவிந்து இரண்டே மாதமான மனிதரைப் பார்த்து, ஊர் நடுவில், கேட்டு ஓதும்படி நான் கட்டளையிட்டிருக்கிறேன். கேளாத செவியின் பக்கம் அமர்ந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். தூறலின் ஓசையில் ஓதுதல் மங்கியதால் ஒலியைக் கூட்டிய கையைப் பகையின் கை என்று படித்திருக்கிறேன். ஓர் உடற்குறையைப் பக்தி என்றும் பிணக்கு என்றும் மாறி மாறிப் பொருள் கொண்ட என் கல்வியை என்னவென்று சொல்வது? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, சொல்லும்படியான தம்பியாக நான் இருந்தேனா?

புதியவற்றைப் பூட்டி முடிக்கப் பிற்பகல் அஸர் தொழுகை நேரமானது. சோதித்துப் பார்க்க அவர் முதலில் ஏதோ சினிமாப் பாட்டை அதிரவிட்டார். என் தாடியைப் பார்த்துவிட்டு அவசரமாக நிறுத்தினார். பிறகு உங்கள் சீடியையே போட்டோம். இத்தனை ஆண்டும் கேட்ட ஓதுதல்தான். ஆனால் அடியெடுக்குமுன், ஓதுகிறவரான அந்தக் காரி மூச்சை உள்ளிழுப்பது இப்போது கேட்கிறது. மூச்சு எங்கே போதாமல் போகிறது, எங்கே அவர் குரல் தழுதழுக்கிறது, எல்லாம் கேட்கிறது. அவரும் நம்மைப் போல் நெஞ்சு நிறையக் காற்றுக்கு ஏங்குகிற மனிதர்தான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

திரும்பும்போது நான் முன்னிருக்கையில் ஏறினேன். வஹகோட்டையை நெருங்கியதும் ஸுமையா அத்தியாயம் முடியும்வரை பொறுத்திருந்து, ஒலியை நிறுத்தினாள். "சாச்சா, என்னமோ சொல்லப் பாக்கிறீங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வளைவையும் இன்னொரு வளைவையும் ஓட்டித் தாண்டினாள்.

பிறகு சொன்னாள்: "வாப்பா ஒருநாளும் ஒங்களக் குறையாப் பேசல்ல. ஒண்டு மட்டும் உம்மாட்டக் கேப்பாரு. 'தம்பி ஏன் இப்ப முன்னுக்கு ஏறுறானில்ல? நான் ஓட்டுறதுக்குப் பயமா?' எண்டு."

சிரிக்கத்தான் போனேன், நானா. முடியவில்லை. அந்தப் பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள்.

அவள் சொன்னது ஆறுதல். அது பொறுத்தல் ஆகாது. உங்கள் பொறுத்தலை உங்கள் மகள் தர முடியாது, நானும் அவள் சொல்லிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக்கொள்ள மாட்டேன். கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் பின்னால் ஏறியது உங்களுக்கு எத்தனை வருத்தம் தந்தது? இவற்றை மறுமையின் அந்தப் பெருநாளில்தான் அறிவேன்.

ஆனால் ஒன்று விளங்குகிறது. சபையில் உரக்கச் சொன்ன பழியை, ஓடும் காரில், இரண்டு அத்தியாயத்துக்கு நடுவே, முகம் பாராமல் முணுமுணுத்துத் தீர்க்கப் பார்த்தேன். உங்களுக்கு இரு செவியும் இருந்திருந்தாலும் அது போதுமான கேள்வி அல்ல. ஆகவேதான் இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுகிறேன். வருகிற நபி பிறந்த மாதத்தில், அதே பள்ளியில், முதலடி எடுக்குமுன் எழுந்து நின்று சொல்வேன்: அன்று கேளாதிருந்தவர் என் நானா அல்லர், நான். அதன்பின் இடக்கோடியில், உங்கள் இடத்தில் போய் அமர்வேன். எவர் பிழையாக ஓதினாலும் திருத்த மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்களை நல்லடக்கம் செய்தபோது கப்றுக் குழிக்குள் இறங்கியவர்களில் நானும் ஒருவன். நம் வழமைப்படி வலப்புறமாகச் சாய்த்து, மேற்கே கிப்லாவை நோக்கி வைத்தோம். வலக்கன்னம் மண்ணில், இடச்செவி மேலே. மற்றவர்கள் ஏறியதும் குனிந்து, அந்தச் செவியில் இன்னொரு முறை சொன்னேன், "பொறுத்துக்கோங்க" என்று. இரண்டில் அதைத்தான் தேர்ந்தேன்.

நீங்கள் இருக்கும் இடத்தில் எந்தச் செவிக்கும் குறை இல்லை என்பது என் நம்பிக்கை. ஆயினும் இனிமேல் நான் தவற மாட்டேன். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் வருவேன். ஸுமையா ஓட்ட, முன்னிருக்கையில் வருவேன். முதுகுப் பக்கம் நின்று சொல்ல மாட்டேன். மேற்கு மதிலுக்கும் உங்களுக்கும் இடையில், உங்கள் முகத்துக்கு நேரே நின்று, நீங்கள் என் உதட்டைப் பார்த்துக்கொள்ளும்படி, மெதுவாகவும் உரக்கவும் சொல்வேன்.

உங்கள் முகம் பார்த்துப் பேசப் பிந்திவிட்ட,
உடன்பிறந்த தம்பி