வெயிலில் சிவக்கும் அட்டை

செவ்வாய், இரவு.

லேபை விட்டு விற்பனைக்கும் மக்கள் தொடர்புக்கும் மாறி மூன்று வாரம் ஆகிறது. மீனில் ரசாயனம் இருந்தால் சிவக்கும் சோதனை அட்டை நான் உருவாக்கியது. இன்று காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் அதைக் காட்டினேன்.

அவர்களில் மேரியக்கா மட்டும் கேட்டார். “நல்ல மீனுக்கும் செவந்துச்சுன்னா இன்னா பண்றது? அப்பால எவன் எங்கிட்ட வாங்குவான்?”

கடும் வெயிலில் அப்படி ஆகும். லேபில் இருந்தபோது வெளியே வைத்துச் சோதித்ததில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் மேலாளர் பக்கத்தில் நின்றார். “ஆகாதுக்கா” என்றேன்.

“படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரிதாம்மா.” அட்டை வாங்க முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். மேலாளர் என் கையைக் குலுக்கினார்.

நாளைக் காலை பத்து மணிக்கு அட்டைகளைக் கொடுக்கிறோம். மேரியக்கா விடிவதற்குள் மீன் ஏலத்துக்கு வந்துவிடுவார். நான்கு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். மேலாளரிடம் சொல்லவில்லை.