கைக்குத் தெரியாத காரம்

பாயா,
9 ஜனவரி 1993

எதெல்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் இங்கே பன்றி அடிக்கிறார்கள். சாசேஜுக்கு நம் வீட்டு மிளகாய்த்தூள்தான் வேண்டுமென்று ரோஜாலியா அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடைத்தூள் செங்கல் பொடி மாதிரி இருக்கிறதாம். ஒரு பை அனுப்பி வை. இனிப்பு ரகம் போதும், காரம் வேண்டாம்.

இந்த ஊரில் மீன் குழம்பில் சேமியாவைக் கொட்டிச் சாப்பிடுகிறார்கள். நானும் அதையே சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறேன். இதை நம் ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே, மானம் போய்விடும்.

நான் எங்கே என்று எதிர்வீட்டு போர்பாலா கேட்டால், அக்காவுக்கு மூட்டுவலி, துணைக்கு இருக்கிறேன் என்று சொல். ஊரே பார்க்க நடந்ததற்குப் பிறகு வேறு என்னத்தைச் சொல்வது?

வெண்டெல்

*

ரோஸ்கே,
17 ஜனவரி

அக்கா வீட்டிலிருக்கும் என் கணவருக்கு,

தூள் அனுப்பியிருக்கிறேன். ஈரம் படாமல் வைக்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக் கதையை போர்பாலாவிடம் சொன்னேன். "அக்காவுக்கு மூட்டுவலின்னா இவரு என்ன வைத்தியரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருப்பீர்கள் என்று ஆசையோடு உறையைக் கிழித்தேன். உள்ளே செங்கல் பொடிதான் இருந்தது.

நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். நம் முற்றத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து மிளகாய் கீறிக்கொண்டிருந்தோம். நீங்கள் சாராயம் கொடுக்க வந்தவர், "வெண்டெல் கைக்கு உறைக்காதுடீ" என்று பெருமையடித்துக்கொண்டு, காரச்சாதி மிளகாயைப் பிளந்து உள்ளே விதை ஒட்டியிருக்கும் நரம்பை வெறுங்கையால் உரித்துக் காட்டினீர்கள். பிறகு எழுந்துவந்து, பின்பக்கமாக என் சட்டைக் கழுத்துக்குள் அந்தக் கையை விட்டீர்கள். முதுகில் தணலைக் கொட்டியது போலிருந்தது. "எடுடா கையை" என்று கத்தி, உங்கள் கன்னத்தில் அறைந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது நீங்கள் சொன்னது: "புண்ணு புடிச்ச ஒடம்பைத் தொடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து நான் தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன்.

எதெல்கா

*

பாயா,
30 ஜனவரி

எதெல்கா,

தூள் வந்தது, அக்காவுக்குச் சந்தோஷம்.

நான் மறக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபமாக ஒன்று எழுதி அடுப்பில் போட்டேன். இது இரண்டாவது.

ஆகஸ்டில் உனக்கு அக்கி வந்தது. நானும்தான் பார்த்தேன். ஒரு மாதத்தில் கொப்புளம் எல்லாம் காய்ந்து உதிர்ந்தது. அதற்குப் பிறகும் நான் பக்கத்தில் வந்தால் நீ சுருங்குகிறாய். போர்வை நுனி உன்மேல் பட்டால்கூட முகத்தைச் சுளிக்கிறாய். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாய். கேட்டால், "ஒண்ணுமில்ல, நீங்க படுங்க." நான் என்ன நினைப்பேன்? பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி இந்தக் கிழவன் வேண்டாம் என்று வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் தொடவிடாதவள் நாலு பேர் முன்னால் தட்டிவிட மாட்டாள் என்று எண்ணித்தான் அன்றைக்குக் கை வைத்தேன். சாராயமும் சேர்ந்துகொண்டது.

கையைக் கிணற்றடியில் கழுவிவிட்டுத்தான் வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் சொன்ன சொல் தப்புதான். ஆனால் அறை வாங்கியவன் நான்.

வெண்டெல்

*

ரோஸ்கே,
21 பிப்ரவரி

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. சேகெட் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அங்கே கேட்டதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அக்கி ஆறினாலும், அது ஏறிய நரம்பு சிலருக்கு ஆறுவதில்லையாம். மேலே தோல் ஆறி வடுவாகியிருக்கும், ஆனால் துணி பட்டாலும் எரியும். அதுதான் எனக்கு. உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அக்கி கெட்ட நடத்தைக்காரிகளுக்கு வரும் வியாதி என்று சின்ன வயதில் யாரோ பேசியது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொப்புளம் போன பிறகும் வலிக்கிறது என்றால், நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். டாக்டரம்மா சின்னப் பெண். அதைக் கேட்டு அவள் சிரிக்காமலிருந்தாள், அதற்கே கைகூப்ப வேண்டும்.

ஒரு களிம்பு கொடுத்திருக்கிறாள். எதில் செய்தது என்று நினைக்கிறீர்கள்? மிளகாயில்! நாம் கீறி எறிகிறோமே, அந்த நரம்பிலிருக்கும் காரத்தைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்களாம். முதலில் எரிக்குமாம். விடாமல் தடவத் தடவ, வலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நரம்பு ஓய்ந்துபோய்ப் பேசாமலாகிவிடுமாம்.

அப்போதுதான் எனக்கு நம் ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தக் காரம் தண்ணியில போகாதும்மா, எண்ணெய் போட்டுத் தேய்ச்சாதான் போகும். வருஷக்கணக்கா மிளகாயில கெடந்த கையில எரிச்சலே தெரியாம போயிருக்கும். உங்க வீட்டுக்காரர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு."

நீங்கள் வேண்டுமென்றே, விளையாட்டுக்காகச் செய்தீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உங்களை அறைந்ததும், ஊர் முன்னால் 'டா' போட்டதும் இப்போதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று. முதுகுக்கு என் கை எட்டவில்லை. போர்பாலா கையுறை மாட்டிக்கொண்டு தடவிவிட்டாள். எரிச்சலில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். அவள் தடவிவிட்டு நேராக ரொட்டிக் கடைக்குப் போய், என் முதுகில் எத்தனை வடு என்று கதை சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து அவளை வரவேண்டாம் என்றுவிட்டேன். களிம்பு டப்பா தொடாமல் ஜன்னலோரம் இருக்கிறது.

எதெல்கா

*

பாயா,
3 மார்ச்

என் எதெல்கா,

உன் கடிதத்தை அக்கா கண்ணில் படாமல் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று படித்தேன். என் கையைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

உன் டாக்டரம்மா சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். சந்தையில் காரமான மிளகாயாகப் பார்த்து வாங்கி, அதன் நரம்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. மறு கையிலும் ஒன்றுமில்லை. தண்ணீரில் கழுவிவிட்டு அந்த விரலால் முழங்கைக்கு உள்பக்கம் தேய்த்தேன், பிறகு உதட்டில். எதெல்கா, கொட்டிலுக்குள் ஓடிப்போய் உட்கார்ந்து அழுதேன். நல்ல தோலிலேயே இப்படி என்றால், உன் முதுகுக்கு நான் எதைக் கொண்டுவந்தேன்! அதை வைத்துவிட்டு, மேலே அந்தச் சொல்லையும் சொன்னேன். அறைந்தாய், சரி. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் மண்வெட்டியை எடுத்திருப்பேன்.

ஊரெல்லாம் "வெண்டெல் கைக்கு உறைக்காது" என்று சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் நான். எதுவும் தெரியாமல் போன கையை வைத்துக்கொண்டு பெருமை பேசியிருக்கிறேன்.

நீ விட்டால் வருகிறேன். களிம்பு நான் தடவுகிறேன். ஆனால் பகலில் வர முகமில்லை. கடைசி பஸ்ஸில் இறங்கி, தோட்டத்து வழியாக வந்துவிடுகிறேன். பின்கதவை மட்டும் திறந்து வை.

உன் வெண்டெல்

*

ரோஸ்கே,
12 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு,

தோட்டத்து வழியாக வருவதற்கு நீங்கள் என்ன கோழி திருடவா வருகிறீர்கள்?

பின்கதவு திறக்காது. நடந்தது ஊர் முன்னால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வாருங்கள், தேவாலயம் விடுகிற நேரம். எல்லோரும் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் நிற்பேன். எனக்கு மட்டும் கூசாமலா இருக்கும்? போர்பாலா சொன்ன வடுவையெல்லாம் சட்டைக்கு மேலாகவே எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக நிற்க முடியவில்லை, அதனால்தான் கூப்பிடுகிறேன்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். கையில் பன்றிக்கொழுப்பைப் பூசித் தேய்த்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். உறை இங்கே இருக்கிறது.

முக்கியமான ஒன்றை டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னாள். நாள் தவறாமல் தடவ வேண்டும். நடுவில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினால், எரிச்சலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போர்பாலாவை நிறுத்தியதால் எனக்கு இப்போதே ஒரு தடவை அப்படி ஆகப்போகிறது. இன்னொரு தடவை தாங்க மாட்டேன். இரண்டு நாள் இருந்துவிட்டு யாராவது சிரித்தார்கள் என்று அக்கா வீட்டுக்கு ஓடுவதானால், வர வேண்டாம். நான் வலியோடேயே இருந்துகொள்கிறேன், அது பழகிவிட்டது.

மீன் குழம்பு வைக்கிறேன். சேமியா போடமாட்டேன்.

எதெல்கா

*

பாயா,
17 மார்ச்

என் எதெல்கா,

மத்தியானப் பஸ்ஸிலேயே வருகிறேன். நம் சின்னவள் கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டுதான் போட்டிருப்பேன். அக்கா பெட்டி கட்டித் தந்துவிட்டாள், இங்கே என் சாமான் ஒன்றும் மிச்சமில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தேவாலயத்து வாசலில் உன் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பேன். அந்தச் சொல்லை எந்த வாயால் சொன்னேனோ, அதே வாயால் அங்கே வைத்து மன்னிப்புக் கேட்பேன். போர்பாலாவும் கேட்கட்டும், ரொட்டிக் கடைக்குச் செய்தி வேண்டுமே.

ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது. இந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது. உறையையும் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கே அழுத்தினேன், எங்கே எரிகிறது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. நீயோ தலையணையைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடப்பவள்.

அப்படிக் கிடக்காதே. வலித்தால் கத்து. அன்றைக்குக் கத்தினாயே, 'டா' போட்டு, அதே மாதிரி கத்து. நான் கையை எடுத்துவிடுவேன். ஆனால் அங்கேயேதான் நிற்பேன்.

உன் வெண்டெல்