வெள்ளைக்காரி மடியில் போன பொதி

1998 மார்ச் 3, செவ்வாய்

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

இன்று கோவளத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனேன். நெய்யாற்றின்கரையில் டயர் கடை ராஜன் வழக்கம்போல் கைகாட்டி நிறுத்தி ஒரு பொதியைத் தந்தான்.

"களியக்காவிளையில ஆளு நிக்கும் அண்ணே, குடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

இந்த ரோட்டில் ஓடுகிற டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் இப்படிப் பொதி கொண்டுபோவதுதான். உள்ளே என்ன என்று கேட்பதில்லை. கேட்டால் ஆளைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும். டிக்கி நிறையப் பெட்டிகள் இருந்ததால், அந்த வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் குண்டு வெடித்ததிலிருந்து அமரவிளை செக்போஸ்டில் எல்லா வண்டியையும் குடைகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற கல்யாண வேனில் பலகாரப் பெட்டியைக்கூடத் திறக்கச் சொன்னார்கள். என் காருக்குள் குனிந்து பார்த்த போலீஸ்காரர், "டூரிஸ்டாக்கும், விடு" என்று கையசைத்துவிட்டார்.

களியக்காவிளையில் பொதியை வாங்கியவனை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

மருந்தாக இருக்கும். வாட்ச் சாமானாக இருக்கும். ராஜன் தப்பான ஆளில்லை. என் மகள் கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க நின்று பந்தல் போட்டவன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி நிறுத்தினான்.

"நாளைக்கும் ஒரு பொதி உண்டு அண்ணே. சவாரி உண்டா?"

"உண்டு. நம்மூர்க்காரங்கதான், நாகர்கோவிலுக்கு."

ராஜன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப வேண்டாம். வெள்ளைக்காரன் உள்ள அன்னைக்கு சொன்னா மதி."