சைடிங் மேட்டின் குழாய்ப் பாலம்

அருப்புக்கோட்டை
ஐப்பசி 28

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது. அஸ்ஸாம் பனியில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். போனில் பேசினால் நடுவில் அறுந்துபோகிறது, இந்தச் செய்தி அறுபடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து மில்லுக்குள் பிரிந்து வந்த சைடிங் தண்டவாளத்தை ஆவணியில் கடைசித் துண்டுவரை பெயர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். பதினாறு வருடம் அதில் வந்த பஞ்சு வேகன்களை நின்று இறக்கியவன் நான். அகலப்பாதை போட்டபோது எங்கள் சைடிங்கை மட்டும் சேர்க்காமல் விட்டு என் வேலை போனதையும், அன்று வாய் திறக்காத மில் மேனேஜரையும் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மண்மேட்டை வாங்கியது யார் என்றால் உன் தாய்மாமா தனுஷ்கோடி. சமப்படுத்தி மனை போட ஜேசிபியோடு வந்துவிட்டார். மேட்டுக்கு அடியிலுள்ள குழாய்ப் பாலம் வழியாகத்தான் மேற்குக் காட்டு மழைநீர் நம் கண்மாய்க்குப் போகிறது, அதை மட்டும் மூடாதே என்றேன். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "ரயிலே போயிருச்சு, இன்னும் பாலம் எதுக்கு மச்சான், காக்கா போகவா" என்று சிரித்தார். மனு எழுதினேன். கிராம நிர்வாக அலுவலரோ, "வரைபடத்துல சைடிங் இருக்கு, வாய்க்கால் இல்லையே சார், எதப் பாத்து நான் தடுக்க" என்றார். உனக்கு அன்று போன் செய்தது அதற்குத்தான்.

நீ சொன்னபடி கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வாங்கி, ஒரு முனையை நானும் மறு முனையை அம்மாவும் பிடித்தோம். கூடப் பிறந்தவனுக்கு எதிராகவா நிற்கிறாய் என்று யாரோ அம்மாவைக் கேட்டதற்கு, "தம்பி தம்பிதேன், தண்ணி பள்ளத்துக்குத்தான போகும்" என்றாள். இருபது இடத்து அளவை அனுப்பினோம், நீ அதைத் தண்ணீர் ஓடும் வழி தெரிய மட்டப் படமாக வரைந்து அனுப்பினாய். தாலுகா அலுவலகத்தில் சர்வேயரம்மா அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, "யாரு சார் போட்டது, எந்த இன்ஜினியரு" என்றார். என் மகள், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறாள் என்றேன். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். முப்பது வருடமாக அந்த அலுவலகத்தில் நின்றபடியே பேசியவன் நான். பாலத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. போன வாரம் மூன்று நாள் அடைமழை, குழாய் நிரம்ப ஓடிக் கண்மாய் பாதிக்கு மேல் பெருகிவிட்டது, மனையிலும் ஒரு சொட்டு நிற்கவில்லை. இப்போது தனுஷ்கோடி, தண்ணீர் தேங்காத மனை என்று போர்டு வைத்திருக்கிறார். வெட்கம் கிடையாது.

நீ ரயில்வேக்குப் போகிறேன் என்றபோது தண்டவாளம் சோறு போடாது என்று சொன்னேன். எனக்குப் போடாமல் போன கோபம் அது, உன்மேல் இல்லை.

லைனில் நிற்கும்போது போன் பேசாதே, வெந்நீர் குடி. நீயும் உன் கைவேலையும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. உன் மாமா நரிக்குடிப் பக்கமும் இடம் பார்க்கிறாராம், "மருமககிட்டச் சொல்லி ஒரு மட்டம் போட்டுக் குடுங்க மச்சான்" என்று நேற்று வாசலில் வந்து நின்றார். கேட்டால் போட்டுக் கொடு. கீழே மா. சுகப்பிரியா என்று முழுசாக எழுது. முதலெழுத்தை விட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
மாரீஸ்வரன்