‘நாடகக்காரி’ எண்ட சொல்லை மாத்தினது ஆர்?

என்ர வாயாடி மச்சாள் சுகந்திக்கு,

நீ போய் ஏழு மாதமாகுது. உன்ர மொழிபெயர்ப்பு புத்தகமா வரப்போகுது, தெரியுமோ? உன்ர மகள் அபி எல்லாத்தையும் ஆயத்தம் பண்ணிப்போட்டு, முதல் பக்கத்தை மட்டும் முன்னுரை எழுத எனக்கெண்டு விட்டிருக்கிறாள். “மாமி, யூ நியூ ஹர் பெஸ்ட்” எண்டவள்.

ஆனா வெளியீட்டுக்கு உன்ர அண்ணாவை, என்ர புருசனை, கூப்பிடமாட்டாளாம். அம்மாவின்ர எழுத்தில கை வைச்ச ஆள் அந்த மண்டபத்துக்கே வரக்கூடாதாம். நீயும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு போனாய். நடந்தது வேற, சுகந்தி. அதை உனக்குச் சொல்லாமல் விட்டது நான்.

நீ மொழிபெயர்த்த அந்த இங்கிலாந்துக்காரியை எனக்குத் தெரிஞ்சதே உன்னாலதான். முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தியே நாடகமும் நாவலும் எழுதிப் பிழைச்ச மனுசி. பென்ரோஸில நாங்கள் வேலை செய்த வேர்ஹவுஸில மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முந்தி நீ மொழிபெயர்ப்புக் கொப்பியைத் திறப்பாய். கன்னியர் மடத்தில சேர்க்க இருந்த பெட்டை முகமூடி போட்டுக்கொண்டு திருவிழாவுக்கு ஓடி, தனக்குப் பிடிச்சவனைத் தானே தேடுற நாடகம். அடிமையா விக்கப்பட்ட ராசகுமாரன்ர நாவல். அந்த நாவலை நீ வாசிச்ச நாளையில எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிப்போட்டு, “சனம் கதைக்கிற மாதிரி இருக்கோ?” எண்டு கேப்பாய். ஒருக்கா நீ “கண்ணாளா” எண்டு எழுத, “உப்பிடி ஆரடி புருசனைக் கூப்பிடுறது?” எண்டு நான் சிரிச்ச சிரிப்பில போர்மன் எட்டிப் பார்த்தவர்.

அந்தக் காலத்து ஆம்பிளையள் அவளின்ர நாடகத்தை வெக்கங்கெட்டது எண்டு ஏசினவையாம். அதையே ஒரு ஆம்பிளை எழுதினால் கை தட்டினவையாம். அதாலதான் அவளுக்கு ‘நாடகக்காரி’ எண்டு பேர் வைச்சாய். எங்கட ஆக்கள் நடிப்புக் காட்டுற பொம்பிளையை ஏசுற சொல். “ஏசின சொல்லையே அவளுக்குப் பட்டமாக் குடுக்கிறன், மச்சாள்” எண்டாய். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். உண்மையில எனக்கு விளங்கேல்லை.

பாபடோயிட்டோயில மண்டபம் எடுத்து நாடகத்தை வாசிக்க நாள் குறிச்சாய். நோட்டீஸை ரைப் பண்ண என்னட்டைத் தந்தாய். ‘இங்கிலாந்து நாடகக்காரி – தமிழில் சுகந்தி.’ உன்ர பேருக்குப் பக்கத்தில அந்தச் சொல்லைப் பார்க்க எனக்குப் பயம் வந்திட்டுது. புருசனில்லாமல் பிள்ளை வளர்த்தவள், கோயிலில சனம் என்ன கதைக்கும்? ஆரையும் கேக்காமல் ‘நாடக ஆசிரியை’ எண்டு மாத்திப்போட்டன்.

பிறகு நடந்த கூத்து உனக்குத் தெரியும். மளிகைக்கடைக் கண்ணாடியில நோட்டீஸைப் பார்த்த தாய்மாரெல்லாம் போன் எடுத்து, வகுப்பு எந்த நாள், எத்தினை வயசில சேர்ப்பியள் எண்டு கேட்டவை. “டீச்சர், என் பொண்ணு நல்லா பேசுவா, ஒரு வேஷம் குடுங்க” எண்டு ஒரு தமிழ்நாட்டு அம்மா உன்னை விடேல்லை. எழுதினவளை அழிச்சுப்போட்டு அந்த இடத்தில ஒரு பள்ளிக்கூட ரீச்சரை வைச்சது நான்தான்.

நீ நேர பக்குரங்காவில எங்கட வீட்டுக் குசினிக்கு வந்து, “ஆர் மாத்தினது?” எண்டு கேட்டாய். நான் பொரியிற வடையையே பார்த்துக்கொண்டு நிண்டன். அண்ணா என்ர முகத்தைப் பார்த்தார். பார்த்துப்போட்டு, “நான்தான் மாத்தச் சொன்னனான்” எண்டார். ஐயோ சுகந்தி, அந்த மனுசன் அந்த நோட்டீஸைக் கண்ணாலயும் காணேல்லை!

“உங்களிட்டை இதை எதிர்பார்க்கேல்லை அண்ணா” எண்டு சொல்லிப்போட்டுப் போனாய். நாடக வாசிப்பையும் நிப்பாட்டினாய். பிறகு அவர் எடுத்த போன் ஒண்டையும் நீ எடுக்கேல்லை. வாற கிழமை சொல்லுவம், அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு நான் நாளைக் கடத்தினன். ஒரு மாதத்துக்குள்ள நெஞ்சுநோ வந்து போயிட்டாய்.

உன்ர செத்தவீட்டில அவர் ஒரு மூலையில தனிய நிண்டார். அண்டைக்குத்தான் கேட்டன், ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு. “அவளுக்கு இஞ்ச இருந்த ஒரே சிநேகிதி நீ. அண்ணா இல்லாட்டியும் சமாளிப்பாள், நீ இல்லாட்டி ஆரோட கதைப்பாள்?” எண்டார். எனக்கு எங்க போய் முட்டுறதெண்டு தெரியேல்லை.

இதை எழுதப்போறன் எண்டு நேற்று அவரிட்டைச் சொன்னன். “வேண்டாம், அபி உன்னையும் வெறுத்திடுவாள்” எண்டார். எனக்கும் அந்தப் பயம்தான். நீ போனதுக்குப் பிறகு சனிக்கிழமையில அவள் சாப்பிட வாறது என்னட்டைத்தான். நீ இருந்திருந்தால் என்னை ரெண்டு நாள் ஏசிப்போட்டு விட்டிருப்பியோ? இல்லாட்டி என்ர போனையும் எடுக்காமல் விட்டிருப்பியோ?

அட்டையில நீ எழுதின சொல்லுத்தான் இருக்கு, ஒரு எழுத்திலயும் நான் கை வைக்கேல்லை. வெளியீட்டு நாளண்டைக்கு அபியின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தக் கடிதத்தை நானே வாசிப்பன், நடுவில அழுகை வந்தாலும் முடிக்காமல் இருக்கமாட்டன். அதுக்குப் பிறகு அவள் எங்கள் ரெண்டு பேரில ஒரு ஆளைத்தான் மண்டபத்தில வைச்சிருப்பன் எண்டால், அண்ணாவை உள்ள கூட்டிவந்து இருத்திப்போட்டு நான் வெளியில போறன். இது உனக்கு நான் தாற வாக்கு.

உன்ர பேரைக் காப்பாத்துறன் எண்டு உன்ர அண்ணாவை உன்னட்டையிருந்து பறிச்ச
மச்சாள் வதனி