பதினோராவது பதில்

கோவளம்
9.8.2006

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே புறப்படுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். நீ இருக்கும் கேளம்பாக்கத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிஷம்தான். நேரில் வந்து சொல்லத் தைரியமில்லாமல் கூரியரில் அனுப்புகிறேன்.

இணையத்தில் உங்கள் வாசகர் குழுவில் போன வாரம் கேட்டிருந்தாய்: "நாலு வருஷமாகப் பேசாத அப்பாவுக்கு ஒரு புத்தகம் அனுப்ப நினைக்கிறேன். எதை அனுப்பலாம்?" ஒன்பது பேர் தலைப்பு சொன்னார்கள். பத்தாவதாக உன் தோழி ஷபானா, "பொண்ணு கல்யாணத்துக்கே வராத பெருசுக்கு புக்கு இன்னாத்துக்கு மச்சி?" என்று எழுதினாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

பதினோராவதாக, "அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் காத்திருப்பார்" என்று எழுதிய 'கடலோர வாசகர்' நான்தான். மூன்று முறை திருத்திவிட்டுத்தான் அனுப்பினேன். நீ உடனே, "சார் சொன்னா சரி, ஞாயிற்றுக்கிழமை போறேன்" என்று எழுதிவிட்டாய்.

இரண்டு வருஷமாக நீ போடும் வாசிப்புத் திட்டப்படி தினம் இருபது பக்கம் நானும் படித்துவருகிறேன். அதற்கு வெட்கமில்லை. எனக்கு நானே சிபாரிசு செய்துகொண்டதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அந்தப் பதிலைத் தள்ளிவிட்டு, மற்றப் பத்தையும் வைத்து முடிவு செய். ஷபானா சொன்னதையும் சேர்த்துக்கொள்.

நான் எழுதியதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.

அப்பா