பூட்டிய அறையில் ஒரு தூக்கம்

என் அன்புக்குரியவருக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

ஞாயிறன்று சலவைக்கூடத்தில் இயந்திரம் பழுதாகி எங்களுக்கு லீவு விட்டார்கள். கூட வேலை செய்யும் அக்கா, சுற்றுலாக்காரர்கள் போகும் ஒரு பழைய சிறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே கைதிகள் யாரும் இல்லாமல் போய் அறுபது வருடமாகிறதாம்.

"ஆளுக்கொரு அறைக்குள்ள நில்லுங்க, அஞ்சு நிமிஷம் பூட்டி வைக்கிறேன்" என்று வழிகாட்டிப் பெண் சிரித்தாள். ஒரே நிமிடத்தில் அக்கா கதவைத் தட்டிக் கூப்பாடு போட்டுவிட்டார்.

எட்டுப் பேர் முறைவைத்துத் தூங்கும் எங்கள் அறையை நினைத்தபடி நான் சுவரில் சாய்ந்ததுதான் தெரியும். வழிகாட்டி வந்து தோளைத் தொட்டாள்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பூட்டி வைக்கிறியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க மெதுவா வாங்கக்கா" என்று சொல்லி, கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். வெறும் அசதிதான், கவலைப்படாதீர்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் உங்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். தலையணைக்கு உறை தைக்க வேண்டும். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி